சாரக்காரம்மாவின் அமாவாசை

மரம் வாடகைக்கு வேண்டும் என்று போய் நின்றால், எத்தனை மரம், எத்தனை நாளைக்கு என்றுதான் எந்தக் கடைக்காரரும் கேட்பார். சாரக்காரம்மா அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, நம்மை மேலும் கீழும் பார்த்து, "ஏர்றது யாரு?" என்பார்.

முதல் தடவை எனக்குக் கேள்வியே புரியவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு பெரிய கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்துவிட்டு, விழுப்புரத்தில் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்தேன். சின்ன கான்ட்ராக்டர் என்றால் எப்படி என்று தெரியுமல்லவா? சட்டைப் பையில் பேனா இருக்கும், பேனாவில் மை இருக்காது. ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு. அதற்குச் சாரம் கட்ட மரம் வேண்டும். இன்றைக்கு இரும்புக் குழாயும் நட்டும் வந்துவிட்டன. அன்றைக்கு எல்லாம் சவுக்கு மரமும் நார்க் கயிறும்தான். திண்டிவனத்தில் மரக்காணம் போகிற ரோட்டோரம் ஒரு அம்மா நல்ல மரம் வைத்திருக்கிறார் என்று சொன்னார்கள். முனுசாமிக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

"ஏர்றது யாரு?"

"எங்க ஆளுங்கதாம்மா."

"ஆளுங்கன்னா? பேரு கெடையாதா?"

"இவரு முனுசாமிக் கொத்தனாரு. இன்னும் ரெண்டு கொத்தனாரு வருவாங்க. சித்தாளுங்க கொஞ்சம் பேரு."

"சித்தாளுங்களுக்கு மட்டும் பேரு வெக்கலியா அவுங்க ஊட்டுல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மரம் கொடுக்கிறவருக்குப் பேர் எதற்கு? ரேஷன் கார்டா போடப் போகிறார்? முனுசாமிதான் பின்னாலிருந்து பேர்களை எல்லாம் சொன்னார். அதில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி என்றும் சொல்லிவிட்டார். "அவ கீழயே கலவை போடட்டும். ஏணியில கால் வெக்கக் கூடாது," என்று ஏதோ அவரே சம்பளம் கொடுக்கிற மாதிரி உத்தரவு போட்டார் சாரக்காரம்மா. அப்புறம்தான் மரக் குவியலுக்குப் போனார்.

ஆள் நல்ல கனம். கறுப்பு. கழுத்தில் தாலிக் கயிறு தவிர ஒன்றும் கிடையாது, மூக்கில் மட்டும் பெரிய பேசரி. சேலையைக் கெண்டைக்கால் தெரிய ஏற்றிச் செருகியிருப்பார். ஒவ்வொரு மரத்தையும் ஒரு முனையில் தூக்கித் தரையில் போடுவார். டங் என்று வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சிலதை எங்களுக்கு, சிலதை அடுப்புக்கு என்று பிரிப்பார். கடைசியில், கேட்காமலேயே, இன்னும் சில மரங்களை எடுத்து வண்டியில் வைத்தார். நான் பதறிப்போய், நான் கேட்ட கணக்குக்கு மேல் போகிறதே என்றேன்.

"இதுக்கு வாடகை இல்ல. இத்த இடுப்பு ஒசரத்துக்குக் கட்டணும். பலகையில நிக்கிறவளுக்குப் புடிச்சிக்க. தலையில சட்டி, ரெண்டு கையும் மேல. லேசா ஆடுனா அவ எத்தப் புடிப்பா? ஒன் சட்டையவா?"

"இங்க யாரும்மா அதெல்லாம் கட்டுறாங்க?"

"நீ கட்டுவ. கட்டலன்னா மத்த மரம்லாம் திரும்பி வந்துடும்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கட்டியதில்லை. நிற்கிற மரம், குறுக்கு மரம், அதன்மேல் பலகை, அவ்வளவுதான் சாரம். அதற்குமேல் ஒரு கைப்பிடி என்பது பணக்கார வீட்டு மாடிப் படிக்குத்தான். வாடகை இல்லாத மரம் என்றதும் என்னைப் போன்ற ஆட்களுக்குப் புத்தி எங்கே போகும்? ஒருவர் அதை மாட்டுக் கொட்டகைக்கு முட்டுக் கொடுத்தார். இன்னொருவர் கொடி கட்டித் துணி காயப் போட்டார். சாரக்காரம்மாவும் விடவில்லை. வேலை நடக்கிற இடத்துக்கே வந்து, மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து, தன் மரத்தை உருவிக்கொண்டு வந்து இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டுத்தான் போனார். கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மாட்டுக்காரர் மண்ணை வாரித் தூற்றினார். இவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அவர் வருவது அமாவாசையன்று.

எங்கள் தொழிலில் அமாவாசைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை கூட வேலை நடக்கும், அமாவாசையன்று கரண்டியைத் தொட மாட்டார்கள். கொத்தனார், சித்தாள், தச்சர் எல்லாரும் குடும்பத்தோடு மேல்மலையனூர் போய்விடுவார்கள், அங்காளம்மனைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நேராக வேலைக்கு வருவார்கள். கட்டடம் அன்று ஒரு நாள் முழுக்க ஆளில்லாமல் நிற்கும். அப்படி நிற்கிற சாரம் ஊருக்குப் பொது மாதிரி. யாரும் திருட மாட்டார்கள், அது வேறு. ஆனால் பக்கத்துத் தெருவில் காதுகுத்து என்றால் பந்தல்காரர் இரண்டு மரத்தை அவிழ்த்துக்கொண்டு போவார். "இன்னிக்கு வேலை இல்லியே, நாளைக்குக் கொண்டாந்து வெச்சிடறேன்" என்பார். வாட்ச்மேன் ஆட்டைக் கட்டக் கொஞ்சம் கயிறு அறுத்துக்கொள்வார். மறுநாள் காலையில் வருகிற ஆட்கள், முந்தாநாள் ஏறிய சாரம்தானே என்று அண்ணாந்துகூடப் பார்க்காமல் ஏறுவார்கள். எங்கள் பக்கம் ஆள் விழுந்தது என்று கேள்விப்பட்டால் பெரும்பாலும் அது அமாவாசைக்கு மறுநாளாகத்தான் இருக்கும். ஆத்தா கோபம், வேண்டுதல் பாக்கி என்று அதற்குக் காரணமும் சொல்லிக்கொள்வார்கள். காதுகுத்துப் பந்தலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

சாரக்காரம்மா அமாவாசையன்று மலையனூர் போனதில்லை. ஒரு சாக்குப் பையில் அரிவாளும் புதுக் கயிறும் போட்டுக்கொண்டு, காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, தன் மரம் நிற்கிற இடமெல்லாம் போவார். திண்டிவனம், விழுப்புரம், இடையில் இருக்கிற ஊர்கள், சில சமயம் வானூர் வரைக்கும்கூட. கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். "அரிவாளோட போறியே, யாரு தலைக்கும்மா இன்னிக்கு?" என்பார்கள். "கயித்துத் தலைக்கு," என்பார்.

ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு கையாலும் தொங்குவார். அதுதான் அவர் பரிசோதனை. அவ்வளவு பெரிய உடம்பு, காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, குறுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. "சிரி, சிரி. என்னைத் தாங்குச்சின்னா ஒன் சித்தாளுங்க ரெண்டு பேரைத் தாங்கும்," என்றார் ஆடிக்கொண்டே. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த கயிறு அவர் கனத்துக்கு முறுக்கு விட்டுப் போகும். உடனே அரிவாளை எடுத்து அறுப்பார். அறுத்த கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிடுவார், மறுபடி எவனும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்று. கயிறு நம்முடையது என்றாலும் அதே கதிதான்.

ஒரு தடவை என் வேலையிடத்தில் கீழ் மரத்தில் தூளி கட்டியிருந்த சேலைத் துணியைப் பார்த்துவிட்டார். பச்சையம்மாள் என்ற சித்தாள் தன் கைக்குழந்தையை அதில் போட்டுவிட்டுத்தான் மேலே கலவை தூக்குவாள். எல்லாச் சித்தாளும் அப்படித்தான். நிழல், காற்று, கண்பார்வையில் பிள்ளை. மேலேயிருந்து கலவைக் கட்டியோ கரண்டியோ விழுந்தால் எங்கே விழும் என்று யாரும் யோசித்ததில்லை, நானும்தான். அமாவாசை என்பதால் தூளி காலியாகத் தொங்கியது. சாரக்காரம்மா அதை அவிழ்த்து, எதிரே இருந்த புங்க மரத்துக் கிளையில் கட்டினார். இறுக்கிக் கட்டி, அதிலும் கையைப் போட்டுத் தொங்கிப் பார்த்தார். "நாளைக்கு அவ வந்து எதுக்கு மாத்துனன்னு கேட்டான்னா, சாரக்காரம்மா பண்ண பேஜாருன்னு சொல்லு," என்றார்.

அவரைப் பற்றி ஊரில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்ததிலிருந்து இப்படி ஆகிவிட்டார் என்று ஒரு கதை. தம்பி என்று ஒரு கதை. கழுத்தில் தாலிக் கயிற்றைக் கண்ணால் பார்த்தும் இரண்டையும் நான் நம்பியிருந்தேன். பிறகு பார்த்தால் புருஷன் கல் மாதிரி இருந்தார். மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்புகளில் மரம் பார்த்து வெட்டி அனுப்புகிற வேலை அவருக்கு. எப்போதாவது வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் நான்கு திட்டும் வாங்கிக்கொண்டு போவார். தம்பி என்று ஒருவர் பிறக்கவே இல்லை. ஆக, ஒரு சாவும் இல்லாமலேயே ஒருவருக்கு இந்தப் பிடிவாதம் வரக்கூடும் என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை, அவ்வளவுதான். நானே ஒருநாள் கேட்டேன்.

"மரம் குடுத்தோமா, வாடகை வாங்குனோமான்னு இல்லாம, ஒனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?"

"மரம் என்னுது தம்பி. என் மரத்துல இருந்து ஒருத்தி உழுந்தா அவ ஊட்டுல என்னை இன்னான்னு நெனப்பாங்க?"

"ஒன்னை எதுக்கு நெனக்கப் போறாங்க? கான்ட்ராக்டரைத்தான் கரிச்சிக் கொட்டுவாங்க."

"கரிச்சிக் கொட்டுனா நீ ஏந்து போயி கயித்தப் பாப்பியா?"

டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாரக்காரம்மாவைத் திட்டாத கான்ட்ராக்டர் எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் எல்லாரும் அவரிடமே மரம் எடுத்தோம். மரம் நன்றாக இருந்தது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம். சின்ன கான்ட்ராக்டர் பிழைப்பு வீட்டுக்காரர் வாயில் மாட்டிய பிழைப்பு. மழை பெய்தாலும் ஏன் வேலை நின்றது என்பார். காற்று அடித்தாலும் ஆளை ஏற்று என்பார். ஏற்ற மாட்டேன் என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அடுத்த ஆள் தெருமுனையிலேயே நிற்பான். இந்த நிலைமையில், "நான் என்னங்க பண்ணட்டும், சாரக்காரம்மா வந்து கயித்த அறுத்துப் போட்டுட்டுப் போயிடுச்சி, புதுசா கட்டணும்," என்று கையை விரிக்க முடிந்தது. திட்டெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு வீட்டுக்காரர் நம்பாமல் அவரையே நேரில் கூப்பிட்டு வரச் சொன்னார். வந்தார். வாசலில் நின்று, வாங்கவேண்டிய வசவையெல்லாம் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். உண்மையில் அந்த முறை அவர் கயிற்றை அறுக்கவே இல்லை. காற்றுக்குப் பயந்து நான்தான் வேலையை நிறுத்தியிருந்தேன். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முனகினேன்.

"அடுத்த தபா முன்னாடியே சொல்லிடு. நாலு வார்த்தை நானும் சேத்துப் பேசுவேன்ல," என்றார். "பேரு கெட்டா என் பேரு கெடட்டும். அது ஏற்கெனவே கெட்டதுதான்."

அன்றைக்குப் பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை என்று சொன்னால் போதாது. பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மண்டபத்தைச் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு ரைஸ்மில் முதலாளி கல்யாண மண்டபம் கட்டினார். ஊரிலேயே உயரமான முகப்பு, தூண்கள், மேலே இரண்டு யானைகள். அந்த முகப்புப் பூச்சு வேலை எனக்குக் கிடைத்தது. என் வாழ்க்கையில் அதுவரை கிடைத்த பெரிய வேலை அதுதான். சரியாக முடித்தால் மில்லின் புது குடோனும் உனக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஆவணியில் அந்த மண்டபத்திலேயே அவர் மகள் கல்யாணம். பத்திரிகை அடித்துவிட்டார். இன்னொரு விஷயமும் உண்டு. சாரக்காரம்மாவின் மரக்கடை இருந்த இடம் அந்த முதலாளியின் காலி மனைதான். வாய்ப்பேச்சில் விட்ட இடம், எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம்.

ஆடி அமாவாசை வந்தது. என் ஆட்கள் எல்லாரும் மலையனூர் போய்விட்டார்கள். சாரம் கட்டுகிற ஆட்களும் போய்விட்டார்கள். அந்த வாரம் பின் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். உபயம் ரைஸ்மில் முதலாளி. பந்தலுக்கு மரம் போதவில்லை என்றதும் மில் ஆட்கள் வழக்கப்படி மண்டபத்துச் சாரத்துக்கு வந்து, இடுப்பு மரங்களையும், கீழ் வரிசைக் குறுக்கு மரங்களையும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கீழ் வரிசையில் யாரும் நிற்கப் போவதில்லையே, வேலை மேலேதானே நடக்கிறது என்பது அவர்கள் கணக்கு. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கூழுக்குப் பந்தல் வேண்டும், அவ்வளவுதான்.

நான் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் போய்ப் பார்த்தபோது சாரக்காரம்மா உச்சியில் உட்கார்ந்து முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தார். கீழே பலகைகள் ஏற்கெனவே இறங்கியிருந்தன. முதலாளி குடைபிடித்து நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் மில் ஆட்கள்.

"ஏம்மா, சாமிக்குக் குடுத்த மரத்தைப் போயி பெரிசு பண்ணிக்கினு. நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து போட்டுடப் போறாங்க," என்றார் முதலாளி. குரலில் அதுவரை கோபம் இல்லை.

"சாமிக்குன்னா என்னைக் கேட்டிருந்தா நானே சொமந்துக்கினு வந்து குடுத்திருப்பேன் மொதலாளி. கடை நெறைய மரம் கீது. நிக்கிற சாரத்துல இருந்து உருவலாமா?"

"சரி, கடையில இருந்து வேற எடுத்து வெச்சிக் கட்டு. அவுக்கிறது எதுக்கு?"

"கீழ உருவுனதுல மொத்தமும் ஆடிப் போச்சி. வந்து கையை வெச்சிப் பாருங்க. அவுத்துத்தான் கட்டணும். கட்டுறவனுங்க நாளைக்குக் காலைல வந்துடுவானுங்க. நாளைக்குக் கட்டட்டும், நாளன்னைக்கு ஏறட்டும்."

"நாளைக்குக் காலைல பூச்சு நடக்கணும். கல்யாணம் யாருக்காகவும் நிக்காது."

"நடக்காது மொதலாளி."

அவ்வளவு நேராக அவரிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. மில் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். முதலாளி குடையை மடக்கினார்.

"நீ கடை போட்டிருக்கிறது எவன் எடம்னு ஞாபகம் இருக்குதா? சாரம் நிக்கலன்னா நாளைக்கு விடியறதுக்குள்ள ஒன் மரம் அத்தினியும் ரோட்டுல கெடக்கும்."

மேலே அவர் கை ஒரு நொடி நின்றது. அதை நான் பார்த்தேன். அந்த மனை போனால் அவருக்கு வேறு இடம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். டவுனில் அவ்வளவு நீள மரத்தை அடுக்க யார் இடம் விடுவார்கள்? கை மறுபடி முடிச்சுக்குப் போனது.

"ரோட்டுல கெடந்தா கெடக்கட்டும். அதுல இருந்து எவளும் உழ மாட்டா."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாப்பா சொல்ற? பாண்டிச்சேரியில இருந்து ராத்திரிக்குள்ள வேற மரம் வருது. அவங்க ஆளே ஜல்தியா கட்டிக் குடுத்துடுவாங்க. நாளைக்கு ஒன் ஆளை ஏத்துவியா, மாட்டியா?"

குடோன் வேலை கண் முன்னால் வந்து நின்றது. அவசரத்தில் இரவோடு இரவாகக் கட்டுகிற சாரம் எப்படி இருக்கும் என்பதும் வந்து நின்றது. பழியைப் போட வழக்கம்போல ஆள் இருந்தார், உச்சியிலேயே உட்கார்ந்திருந்தார். சாரக்காரம்மா ஆளை ஏற விட மாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய என்று கையை விரித்திருக்கலாம். மேலேயிருந்து அவரும் என்னைப் பார்த்தார். அப்படியே சொல்லித் தொலை என்கிற பார்வைதான். எனக்கு என்னவோ அந்த ஒரு தடவை அவர் பேரைச் சொல்லப் பிடிக்கவில்லை.

"அந்த சாரத்துல எங்க ஆளுங்களை ஏத்த மாட்டேங்க," என்றேன்.

முதலாளி போய்விட்டார். நான் சட்டையைக் கழற்றித் தூணோரம் வைத்துவிட்டு ஏறினேன். நீள மரத்தை ஒற்றை ஆளாக இறக்க முடியாது, ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும்.

"செருப்போட எங்கடா ஏர்ற?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. தம்பி என்று கூப்பிடுகிறவர் முதல் தடவையாக டா போட்டார். இறங்கிச் செருப்பை விட்டுவிட்டு மறுபடி ஏறினேன். இருட்டுவதற்குள் முழுச் சாரத்தையும் இறக்கிவிட்டோம்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டபத்தை வேறொருவர் முடித்தார். பாண்டிச்சேரி மரத்தில் ஆள் ஏறியது. யாரும் விழவில்லை. யானைகள் நன்றாக வந்திருந்தன. கல்யாணமும் குறித்த நாளில் நடந்தது. குடோன் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் முதலாளி சாரக்காரம்மாவைப் பார்த்து, "பாத்தியா? ஒருத்தரும் உழலையே," என்று சிரித்தாராம். "உழலியா? நல்லதாப் போச்சி மொதலாளி," என்று இவரும் சிரித்தாராம். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று கேட்டேன். எதற்குக் குத்தல் என்று என்னையே திருப்பிக் கேட்டார். விழாதவர்களைப் பற்றி அவர் எப்போதும் சந்தோஷம்தான் பட்டார். யார் மரம், யார் கயிறு என்கிற கணக்கு அதில் இல்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல் அடங்கப் பல வருஷம் ஆயிற்று.

ஆனால் அந்த அமாவாசைக்கு மறுநாள் காலை.

முதலாளி சொன்னதைச் செய்துவிட்டார். மரக்கடை இருந்த மனை துடைத்தது போலக் கிடந்தது. மரம் அத்தனையும் மரக்காணம் ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சிதறிக் கிடந்தது. பஸ்கள் ஒலி எழுப்பிக்கொண்டு ஒதுங்கிப் போயின. அந்தக் குவியல்மேல் சாரக்காரம்மா உட்கார்ந்திருந்தார். வெற்றிலை இல்லாமல் அவர் வாயை நான் பார்த்தது அன்றுதான். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒதுங்கிப் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வசவு வாங்கியிருக்கிறார் எங்களுக்காக, இன்றைக்கு அவருக்காக ஒரு வார்த்தை பேச ஊரில் ஒருவரும் இல்லையே என்று மனம் கசந்தது.

மலையனூரிலிருந்து வந்த பஸ்ஸில் என் ஆட்கள் இறங்கினார்கள். மண்டபத்துக்குப் போகிற வழி அதுதான். நெற்றியில் குங்குமம், கையில் தேங்காய் மூடி. நடந்ததை முனுசாமிக்கு நான் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் பச்சையம்மாள் இடுப்புப் பிள்ளையை இறக்கி முனுசாமி கையில் கொடுத்தாள்.

"எங்க ஊட்டாண்ட பெரிய களம் சும்மா கெடக்குது. எங்க மாமியாரு கத்துவா, கத்தட்டும். ஏந்திருங்க சாரக்காரம்மா, நீங்க உக்காந்துகினு கீற மரத்தையும் தூக்கணும்," என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு நீள மரத்தின் நடுவில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். மற்றச் சித்தாள்களும் சும்மாடு சுற்ற ஆரம்பித்தார்கள். இவ்வளவு நேரம் அசையாமல் இருந்த சாரக்காரம்மா விருட்டென்று எழுந்தார். அழப் போகிறாரோ, கையெடுத்துக் கும்பிடப் போகிறாரோ என்று நான் நினைத்தேன்.

"வெய்யிடி கீழ!" என்று கத்தினார். "ஒத்தையில தூக்குறா பாரு, முதுகு முறிஞ்சா நாளைக்கு யாரு தூக்குவா? தலைமாட்டுல ஒருத்தி, கால்மாட்டுல ஒருத்தி. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க."

நின்றார்கள். அவர் தன் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக் கிழித்தார். சிவப்புச் சேலை, அமாவாசைக்கென்று கட்டிய புதுச் சேலை. கிழித்த துண்டை முதல் மரத்தின் பின் முனையில் முடிந்து, இழுத்துப் பார்த்தார்.

"பின்னாடி வர்ற பஸ்காரனுக்குத் தெரிய வாணாமா? ம், இப்போ நட. நான் சொல்ற வரைக்கும் ரெண்டாவது மரம் கெளம்பக் கூடாது," என்று அடுத்த துண்டைக் கிழித்தார்.